கண்டியில் எது எங்கே, ஏன் அங்கே?

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று சுற்றிலும் பாருங்கள். புடவைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, வங்கி, கைபேசிக் கடை, சாப்பாட்டுக் கடை. மரம் அரியும் ஆலை ஒன்றும் கண்ணில் படாது. முற்றமும் கிணறும் உள்ள வீடும் படாது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ பேராதனைப் பக்கமோ பஸ் ஏறிப் போனால் கொஞ்சம் கொஞ்சமாக டயர்க் கடை வருகிறது, வாகனம் திருத்தும் இடம் வருகிறது, மர ஆலை வருகிறது, பிறகு வாசலில் வாழை நிற்கும் வீடுகள் வருகின்றன. தேயிலைச் செடியைப் பார்க்க வேண்டுமானால் ஹந்தானை மலைக்கு ஏற வேண்டும்.

யாரோ ஒருவர் பட்டியல் போட்டு, "நீ இங்கே இரு, நீ அங்கே போ" என்று பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது அல்லவா? முழு நகரத்துக்கும் அப்படி ஒருவர் இருந்ததில்லை. ஆனாலும் ஓர் ஒழுங்கு தானாக வந்திருக்கிறது. எந்தக் காணியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் புவியியல் பாடத்தில் நிலப்பயன்பாடு என்கிறோம். அந்த ஒழுங்கு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை காசில் இருக்கிறது. மீதி மலையிலும் தண்ணீரிலும் மனிதர்கள் எடுத்த முடிவுகளிலும் இருக்கிறது. காசில் தொடங்குவோம். அதுதான் எளிது.

தலதா வீதியில் ஐந்து பேர்ச் காணி ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் கேட்டு வருகிறார்கள். முதலாமவர் புடவைக் கடைக்காரர். இரண்டாவது, குடியிருக்க வீடு தேடும் ஒரு குடும்பம். மூன்றாமவர் கதிரை மேசை செய்யும் தச்சர். புடவைக் கடைக்காரருக்கு அந்த இடம் பொன்னுக்குச் சமம். வாசலைக் கடந்து நாள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் உள்ளே வந்தாலும் அவருக்குப் போதும். அந்தக் குடும்பத்துக்கோ அதே சனநடமாட்டம் தொல்லை. சத்தம், புகை, பிள்ளைகள் விளையாட இடமில்லை. தச்சருக்குப் பலகை அடுக்க இடம் வேண்டும், லொறி வந்து நிற்க வேண்டும். தவிர, நல்ல மேசை வேண்டும் என்பவர் அவர் எங்கே இருந்தாலும் தேடிப் போவார். ஆகவே ஏலத்தில் உச்ச விலை கேட்பவர் புடவைக் கடைக்காரர்தான்.

இப்போது அதே அளவு காணி ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வாசலில் நடப்பவர்கள் சிலர்தான். புடவைக் கடைக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். தச்சரின் கேள்விதான் அங்கே எடுபடும். இன்னும் உள்ளே போனால் குடும்பம் வெல்லும். அதற்கும் அப்பால் போனால் அந்தக் காணியில் மரக்கறி போடுவதுதான் லாபம். இப்படி மையத்திலிருந்து விலக விலகக் காணி விலை குறைகிறது, அதன் வேலையும் மாறுகிறது.

இந்த யோசனையை 1826 இல் முதலில் எழுதி வெளியிட்டவர் ஒரு விவசாயி. ஜெர்மனியில் பெரிய பண்ணை ஒன்றை நடத்திய யோகான் ஹைன்ரிக் ஃபொன் தியூனன். சந்தைக்குப் பக்கத்தில் பாலும் மரக்கறியும், ஏனென்றால் அவை சீக்கிரம் கெடும். அடுத்து விறகுக் காடு, ஏனென்றால் அந்தக் காலத்தில் விறகுதான் எரிபொருள், தூக்கிவரப் பாரம். அதற்கப்பால் தானியம். எல்லாவற்றுக்கும் தொலைவில் மாடு, ஏனென்றால் மாடு தன் காலால் நடந்தே சந்தைக்கு வந்துவிடும்! தன் பண்ணைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே அவர் இதைக் கண்டுபிடித்தார். 1964 இல் வில்லியம் அலொன்சோ என்ற அறிஞர் இதே கணக்கை நகரக் காணிகளுக்குப் பொருத்திக் காட்டினார்.

நீங்களே இதைக் கண்டியில் சோதித்துப் பார்க்கலாம். யட்டிநுவர வீதியிலோ கொழும்பு வீதியிலோ பழைய கடை ஒன்றின் முகப்பைக் காலடியால் அளந்து பாருங்கள். அகலம் சில அடிகள்தான் வரும். உள்ளே போனால் கடை நீண்டுகொண்டே போகும். வீதியைத் தொடும் ஒவ்வோர் அடிக்கும் விலை அதிகம் என்பதால் எல்லோரும் ஒடுங்கி ஒடுங்கி நிற்கிறார்கள். அடுத்து, கடைகளுக்கு இடையே மேலே ஏறும் மாடிப்படியைத் தேடுங்கள். அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பெயர்ப்பலகைகள் தொங்கும். பல் வைத்தியர், சட்டத்தரணி, தையல்காரர், கணித வகுப்பு. இவர்கள் ஏன் மேல்மாடியில்? வழியில் போகிறவர் "பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டுப் போவோமே" என்று உள்ளே நுழைவதில்லை. தேவைப்படுகிறவர் தேடி வருவார், படியேறுவார். நடந்து போகிறவரை நம்பிப் பிழைக்கும் கடை கீழே, தேடி வருகிறவரை நம்பிப் பிழைக்கும் தொழில் மேலே. நிலப்பயன்பாட்டு வரைபடத்தை நிறம் தீட்டும்போது நாம் தரையை மட்டும் பார்க்கிறோம். உண்மையில் ஒரே கட்டடத்துக்குள்ளும் அந்த ஏலம் மாடிக்கு மாடி நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வட்டம் வரைய முடியாத ஊர்

1925 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தை ஆராய்ந்த ஏர்னஸ்ட் பர்ஜஸ், நகரம் வட்டம் வட்டமாக விரிகிறது என்றார். நடுவில் வணிகம், அடுத்த வட்டத்தில் தொழிற்சாலையும் ஏழைகளின் நெருக்கமான வீடுகளும், அதற்கடுத்து தொழிலாளர் வீடுகள், வெளியே வசதி படைத்தவர்களின் வீடுகள். சிக்காகோ ஏரிக்கரைச் சமவெளி. ஏரிப் பக்கத்தை விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையான நிலம். அங்கே கவராயத்தை வைத்து அரைவட்டமாவது போடலாம்.

கண்டியில் போட்டுப் பாருங்கள், கவராயம் மலையில் முட்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஊர் உட்கார்ந்திருப்பது ஒரு கிண்ணத்தின் அடியில். தெற்கே ஹந்தானை, வாவிக்கு வடக்கே உடவத்தைக்கலைக் காடு, மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைந்து சுற்றி ஓடும் மகாவலி கங்கை. தட்டையான நிலம் அடியில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நிலத்தில்தான் தலதா மாளிகையும் கடைத்தெருவும் புகையிரத நிலையமும் பஸ் நிலையமும் வைத்தியசாலையும் நெருக்கியடித்து நிற்கின்றன. காற்று வீசாத காலைகளில் பஸ்களின் புகை இந்தக் கிண்ணத்தை விட்டு வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்பதும் இதனால்தான்.

ஊர் வளர்ந்தபோது மலை விட்ட இடைவெளிகள் வழியாக மட்டுமே வளர முடிந்தது. ஒரு கிளை பேராதனை வீதியோடு, ஒரு கிளை கட்டுகஸ்தோட்டை வீதியோடு, இன்னொன்று தென்னெக்கும்புரப் பாலத்தைத் தாண்டி குண்டசாலை, திகன பக்கமாக. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஹோமர் ஹொயிட் 1939 இல் சொன்னது இதற்குப் பொருந்துகிறது. நகரம் வட்டமாக அல்ல, பெரிய வீதிகளை ஒட்டி ஆப்பு வடிவத்தில் நீள்கிறது என்றார் அவர்.

வசதியானவர்கள் எங்கே வாழ்வார்கள் என்ற விஷயத்திலும் கண்டி பர்ஜஸ் சொன்னபடி நடக்கவில்லை. வாவியைச் சுற்றிய மலைச்சரிவுகளில், நடந்தே கடைத்தெருவுக்கு வரக்கூடிய தூரத்தில், பெரிய பங்களாக்கள் எழுந்தன. இன்று அதே சரிவுகளில் வாவி தெரியும்படி சன்னல் வைத்த ஹோட்டல்கள். குளிர்ந்த காற்றும் அழகான காட்சியும் உயரத்தில்தானே கிடைக்கும்! ஆனால் மலைச்சரிவு என்றாலே பணக்காரர் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கடலைப் பார்த்த செங்குத்துச் சரிவுகளில் ஏழைகளின் குடியிருப்புகள்தான் அடுக்கடுக்காக நிற்கின்றன. அங்கே சமநிலம் வசதியானவர்களிடம் போனது. ஒழுங்கான வீதியும் குழாய்த் தண்ணீரும் வராத சரிவு, வேறு வழியில்லாதவர்களுக்கு மிஞ்சியது. தண்ணீர்க் குழாயும் வீதியும் எங்கே போகின்றன என்பதைத் தீர்மானிப்பவர்கள்தான் அந்தச் சரிவு யாருக்கு என்பதையும் தீர்மானிக்கிறார்கள்.

கண்டியில் மையத்துக்கு மிக அருகிலேயே நெருக்கமான குடியிருப்பு ஒன்றும் உண்டு. மகியாவ. கண்டி மாநகர சபை 1865 இல் தொடங்கியது. அந்தச் சபைக்காக ஊரின் வீதிகளைக் கூட்டவும் குப்பை அள்ளவும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். ஊர் விழிக்கும் முன் வீதி துப்புரவாக வேண்டும். அதைச் செய்பவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் குடும்பங்கள் பெருகிய அளவுக்கு அவர்களுக்கான காணி பெருகவில்லை. நகரத்துக்கு மிகவும் தேவையானவர்களுக்கு நகரம் மிகக் குறைந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. இது மலையின் குற்றமல்ல, நாம் சரிசெய்ய வேண்டியது.

வயலை வாவியாக்கிய அரசன்

காசு மட்டுமே ஊரை அடுக்கியிருந்தால் கண்டி வாவி இருந்திருக்கவே முடியாது. யோசித்துப் பாருங்கள், ஊரிலேயே விலைமதிப்பான சமநிலம் அதுதான். ஒருகாலத்தில் அது நெல்வயல். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அங்கே அணை கட்டத் தொடங்கி, வயலைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்தான். வேலையை வகுத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி. வாவிக்கரை மதிலில் வரிசையாக முக்கோணத் துளைகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? விளக்கேற்றி வைக்க அமைத்த மாடங்கள் அவை. மதிலின் மேல்விளிம்பு வளைந்து வளைந்து மேகம் மாதிரி போகும். அதன் ஒரு பகுதி முடிவடையாமலே நின்றுவிட்டது. 1815 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள், அரசன் சிறைப்பட்டான். அழகுக்காக வெட்டிய வாவிதான், ஆனால் கூலியில்லாமல் அழைக்கப்பட்டு மண் சுமந்த மக்கள் பட்ட பாடும் அதில் இருக்கிறது. பிரதானிகள் பலருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை.

அரசனின் ஊரில் யார் எங்கே இருப்பது என்பதை ஏலம் தீர்மானிக்கவில்லை, அரண்மனைதான் தீர்மானித்தது. தலதா மாளிகையையும் அரண்மனையையும் ஒட்டி நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள். சற்றுத் தள்ளிக் கதிர்காமத் தேவாலயம். அவற்றுக்கு மேற்கே ஒன்றையொன்று நேராக வெட்டும் வீதிகளில் பிரதானிகளும் மக்களும். அந்த நேர்கோட்டு வீதிகள்தான் இன்றைய கடைத்தெரு. 1739 முதல் ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புள்ள நாயக்க மன்னர்கள். அவர்களுடைய உறவினர்கள் குடியிருந்த பக்கம் இன்றும் மலபார் வீதி என்று அழைக்கப்படுகிறது. வெள்ளி வேலை, பித்தளை வேலை, மரச் செதுக்கு வேலை செய்தவர்கள் ஊருக்கு வெளியே தனித்தனிக் கிராமங்களில் இருந்தார்கள். அரசனுக்குச் செய்யும் சேவைக்கு ஈடாக அவர்களுக்குக் காணி கிடைத்தது. எம்பெக்கேயில் மரம் செதுக்குகிறவர்களையும் பிலிமத்தலாவையில் பித்தளை விளக்கு விற்கும் கடைகளையும் இன்றும் பார்க்கலாம்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரமாக வணிகரும் கைவினைஞரும் வாழும் மருவூர்ப்பாக்கம், உள்ளே அரசனும் செல்வரும் வாழும் பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில் மரச்சோலையின் கீழ் சந்தை. பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி. இரண்டு பக்கத்தாருக்கும் சம தூரத்தில் சந்தையை வைத்ததைப் பாருங்கள். கணக்குத் தெரிந்தவர்கள் வகுத்த ஊர் அது.

கண்டியின் பழைய அரச வட்டாரத்தை யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. அந்தப் பகுதியில் கட்டட உயரத்துக்கும் தோற்றத்துக்கும் விதிகள் இருக்கின்றன. காசு "இன்னும் பத்து மாடி ஏற்று" என்கிறது, விதி "போதும்" என்கிறது. இல்லாவிட்டால் மாளிகையின் கூரைக்கு மேலே காடு தெரியாது, கண்ணாடிச் சுவர்தான் தெரியும்.

சும்மா கிடக்கும் காணியா?

அந்தக் காட்டுக்கு வருவோம். உடவத்தைக்கலை ஏறத்தாழ 257 ஏக்கர். அரசர் காலத்தில் பொதுமக்கள் நுழையக் கூடாத அரண்மனைக் காடு. ஆங்கிலேயர் 1856 இல் அதை ஒதுக்குக் காடாக்கினார்கள். 1938 இல் அது சரணாலயமானது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். ஆக 257 ஏக்கர் என்பது 41,120 பேர்ச். பத்துப் பேர்ச் துண்டுகளாக வெட்டினால் 4,112 வீட்டுக் காணிகள். தலதா மாளிகைக்குப் பின்னாலேயே! காணித் தரகர் ஒருவருக்கு இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுக்கும்.

அந்தக் காடு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள். பழைய தட்டம் இரண்டு எடுங்கள். ஒன்றில் மண்ணோடு பெயர்த்த புல்லை நெருக்கமாக வையுங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, கீழ் நுனியில் ஒவ்வொரு போத்தல் வையுங்கள். ஒரே அளவு தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, கீழே தண்ணீர் விழத் தொடங்கும் நேரத்தையும் விழுந்த அளவையும் குறியுங்கள். வெறும் தட்டத்தில் தண்ணீர் உடனே முழுதாக வந்துவிடும். புல் தட்டத்தில் தாமதமாக, குறைவாக, சொட்டுச் சொட்டாக வரும்.

வெறும் தட்டம் தகரக் கூரையும் கொங்கிரீட் முற்றமும் தார் வீதியும். புல் தட்டம் உடவத்தைக்கலை. காட்டில் மழைத்துளி முதலில் உயர்ந்த மரங்களின் இலையில் விழுகிறது, பிறகு கீழ்மரத்தில், பிறகு சருகில். அதன் வேகம் தணிந்து, வேர்கள் துளைத்த மண்ணுக்குள் இறங்குகிறது. நல்ல மழைக்குப் பிறகு அந்தக் காட்டுப்பாதையில் நடந்தால் பாதையில் வெள்ளம் குறைவு, காலில் அட்டை அதிகம்! மண் குடித்து வைத்த தண்ணீர் மழை விட்ட பிறகும் பல நாட்கள் சிறுகச் சிறுகக் கசிகிறது.

கண்டி வாவியின் மிகுதித் தண்ணீர் மெதஎல என்ற கால்வாய் வழியாக ஊருக்குள் ஓடி, கெட்டம்பேயில் மகாவலியில் சேர்கிறது. சரிவுகளில் கூரையும் கொங்கிரீட்டும் கூடக் கூட, அந்தச் சின்னக் கால்வாய்க்கு ஒரே நேரத்தில் வந்து சேரும் தண்ணீரும் கூடுகிறது. பலத்த மழைக்குப் புகையிரத நிலையத்தைச் சுற்றிய தாழ்நிலத்தில் வெள்ளம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் நிற்கும் இடத்தில் தவறு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. மேலே எங்கோ ஒரு சரிவில் நடந்திருக்கலாம்.

ஹந்தானைப் பக்கம் துனுமடலாவ என்றொரு காடு இருக்கிறது. பழைய தோட்டம் ஒன்று கைவிடப்பட்டுத் தானாகவே காடாக வளர்ந்த இடம். அது மாநகர சபைக்குச் சொந்தம். உள்ளே நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள் உள்ளன. ஒரு நகரசபை காடொன்றை வைத்திருப்பது ஆடம்பரமல்ல. அது தண்ணீர்த் தொட்டி.

மலை மாற்றிய உடைகள்

கண்டியைச் சுற்றிய மலைகளுக்கு ஒரே வேலை நிரந்தரமாக இருந்ததில்லை. முதலில் காடு. 1820களில் கோப்பித் தோட்டங்கள் வரத் தொடங்கின. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் தானே ஒரு தோட்டம் வைத்திருந்தார். கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் கொழும்பு – கண்டிப் புகையிரதப் பாதை. அது கண்டியை எட்டியது 1867 இல். அதே 1867 இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869 இல், கோப்பி இலைகளில் துருப்போன்ற பூஞ்சை நோய் வந்தது. ஒன்றிரண்டு பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழ்நாட்டிலிருந்து மாத்தளை வழியாக நடந்தே வந்த நம் மூதாதையர் காட்டை வெட்டினார்கள், கோப்பி பறித்தார்கள், பிறகு தேயிலை நட்டார்கள். பயிர் மாறியது, அவர்களுடைய லயன் அறை மட்டும் மாறவில்லை.

இப்போது அடுத்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. நகரத்தை ஒட்டிய தேயிலைச் சரிவுகள் துண்டு துண்டாகி வீடுகளாகின்றன. கீழே இடமில்லை, மேலே போகிறோம். இதில் ஆபத்து ஒன்று இருக்கிறது. சரிவில் மண் வழுக்காமல் நிற்பது மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதாலும் வேர்கள் தைத்து வைத்திருப்பதாலும்தான். நாட்கணக்கில் மழை பெய்தால் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடமெல்லாம் தண்ணீர் நிரம்புகிறது. தண்ணீர் துகள்களைத் தள்ளி விலக்குகிறது, பிடி தளர்கிறது, மண்ணின் பாரமும் கூடுகிறது. வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை நேராக வெட்டியிருந்தால் தாங்கி நின்ற கால் போய்விட்டது என்று அர்த்தம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் வீட்டையும் உறவுகளையும் மண்சரிவில் இழந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதனால்தான் மலைநாட்டில் மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும். அந்த நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரிக்கிறது. நிறம் தீட்டிய அந்த வரைபடம் ஒரு நிலப்பயன்பாட்டு வரைபடம்தான். இந்த மலை எதற்குச் சம்மதிக்கும், எதற்குச் சம்மதிக்காது என்பதை அது காட்டுகிறது. நீங்கள் மலைச்சரிவில் வசிப்பவர் என்றால் இந்த அடையாளங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: நிலத்திலோ சுவரிலோ புதிதாக விழும் வெடிப்பு, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, திடீரெனக் கதவு இறுகுவது, இல்லாத இடத்தில் சேற்று ஊற்று கிளம்புவது. ஒன்றைக் கண்டாலும் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். மழை நாளில் என்றால், சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

ஊரைவிட்டு வெளியே போனவை

கிண்ணம் நிரம்பினால் சில வேலைகள் வெளியே போகத்தான் வேண்டும். கிரிக்கெட்டைப் பாருங்கள். திரித்துவக் கல்லூரியின் அஸ்கிரிய மைதானம் மலையை வெட்டிச் சமப்படுத்தி உண்டாக்கியது. 1983 முதல் அங்கே டெஸ்ட் போட்டிகள் நடந்தன. வாகனம் நிறுத்தவோ பார்வையாளர் அரங்கை விரிக்கவோ மலை இடம் கொடுக்கவில்லை. 2010 இல் டெஸ்ட் போட்டி மகாவலிக்கு அப்பால் பல்லேகலைக்குப் போய்விட்டது. 1876 இல் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலையும் 2014 தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைப் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். கிங்ஸ்வூட் கல்லூரி நகர நடுவில் தொடங்கி, 1925 இல் மலைமேல் விசாலமான இடத்துக்குப் போனது. மைதானம், சிறைச்சாலை, பாடசாலை. மூன்றுக்கும் பரந்த காணி வேண்டும், வழிப்போக்கர் வேண்டாம். ஏலக் கணக்கு இங்கேயும் சரியாக வருகிறது.

பேராதனை இன்னும் நல்ல உதாரணம். மகாவலியின் வளைவுக்குள் ஏறத்தாழ 147 ஏக்கரில் விரியும் தாவரவியல் பூங்கா 1821 இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. பூங்கா போர்க்கூடமாகி, மறுபடி பூங்காவாகியது. 1952 இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. கட்டடங்களை எங்கே வைப்பது, மரங்களை எங்கே விடுவது என்று வரைந்தவர்கள் பட்ரிக் அபர்குரோம்பி, கிளிஃபர்ட் ஹொலிடே. மலைச்சரிவைச் சிதைக்காமல் கட்டடங்களைப் பரப்பி வைத்த அந்தத் திட்டத்தை இலங்கையில் நடந்த மிகச் சிறந்த நிலப்பயன்பாட்டு வேலைகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன். இன்று பேராதனைக்குத் தனிக் கடைத்தெரு, வைத்தியசாலை, சந்தி எல்லாம் உண்டு. கட்டுகஸ்தோட்டைக்கும் உண்டு, குண்டசாலைக்கும் உண்டு. ஒரே மையம் இருந்த ஊர் பல மையம் உள்ள ஊராகிறது. ஹரிஸ், உல்மன் என்ற இரண்டு புவியியலாளர்கள் 1945 இல் சொன்னது இதைத்தான்.

அடுத்த விடுமுறையில் உங்கள் வீதியின் வரைபடம் ஒன்றை வரையுங்கள். வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா, பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் நீலம், மரமும் வயலும் உள்ள இடத்துக்குப் பச்சை. மாடிக் கட்டடம் என்றால் மாடிக்கு ஒரு நிறமாகக் கோடு போடுங்கள். பிறகு உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார்த்தி, அவர்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது அதே காணிகளில் என்ன இருந்தது என்று கேட்டு இன்னொரு வரைபடம் வரையுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, பச்சை எங்கே குறைந்தது, மழைத்தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். இரண்டு படங்களையும் உங்கள் புவியியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும் புதிய திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போய்ப் பேசும்படி உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள்.